வாட்கின்ஸ் க்ளென்னில் பணிவு, சின்னாறில் வீராப்பு!

டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போகும் கூட்டம் திட்டம் போட ஆரம்பித்தாயிற்று. நம்ம வாராந்திர நடைக்குழு நண்பர்கள் சிலர் இந்த முறை உடுமலையிலிருந்து மூணாறு போகும் வழியில், சின்னாறு காட்டில் ஆற்றோரமாக நடக்கப் போகிறார்களாம். ரொம்ப சந்தோஷம். ஆனால் நடுவில் காதில் விழுந்த ஒரு வசனம்தான் வயிற்றெரிச்சல்: "கைடு எதுக்குங்க? காசு பிடுங்க ஒரு வழி. நாம பார்க்காத மலையா?"

இங்கே நாம் எப்படி? நியூயார்க் வாட்கின்ஸ் க்ளென்னில் பள்ளத்தாக்குப் பாதையைக் குளிர்காலத்துக்கு மூடிவிடுவார்கள். பூட்டைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் காரைத் திருப்புகிறோம். யூட்டாவின் ஸயான் பூங்காவில் நீரோட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நேரோஸ் பாதைக்குத் தடை. "என்ன ஒரு சிஸ்டம் பாருங்க" என்று புல்லரிக்கிறோம். அதே சிஸ்டம் மலையாளத்தில் பேசினால் மட்டும் பிடுங்கலாகிவிடுமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். சின்னாறு மழைமறைவுப் பகுதி. வருடத்தில் பாதி நாள் வறண்ட முள்காடு. அதற்குப் பெரும்பாலான மழை கிடைப்பதே வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் பெய்த மழை பாம்பாற்றில் இறங்கி வந்துகொண்டிருக்கும். கூகுள் மேப்புக்கு அது தெரியாது. யானை எந்தப் பக்கம் தண்ணீருக்கு இறங்கும் என்பதும் தெரியாது. கூட வரும் முதுவருக்கும் மலைப்புலையருக்கும் தெரியும். நீங்கள் கொடுக்கும் காசு அந்த அறிவுக்கு.

முதுவர்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களது வாய்மொழி வரலாறு. இங்கே தமிழ்ச்சங்க மேடையில் தொப்புள்கொடி உறவு பற்றி மணிக்கணக்கில் முழங்குகிறோம். அங்கே போய் அந்த உறவிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்!

"ஒண்ணும் ஆகாது" என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: குரங்கணி. 2018 மார்ச் 11, இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்ட மலை. காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போய்விட்டார்கள். அவர்கள் போனது அனுமதி இல்லாத பாதை என்று அரசு சொன்னது. இறந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிமுறைகள் வந்தன. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறக்கப்பட்டன. அத்தனை உயிர் கொடுத்து வாங்கிய விதி அது.

வனத்துறையில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. ரசீது கேளுங்கள், கட்டணம் எங்கே போகிறது என்று கேளுங்கள், தப்பென்றால் புகார் எழுதுங்கள். ஆனால் கூட நடக்கிறவரின் கூலியில் கை வைக்காதீர்கள். சின்னாறானாலும் சரி, பாலக்காட்டு சைலன்ட் வேலியானாலும் சரி, "இதுக்கு மேல வேண்டாம் சார்" என்று அவர் சொன்னால் திரும்பிவிடுங்கள். டிக்கெட் போட்டு இவ்வளவு தூரம் வந்தோமே என்று வாதாடாதீர்கள். உங்கள் பின்னாலேயே உங்கள் பிள்ளைகளும் நடந்து வருகிறார்கள். யார் பேச்சுக்கு மதிப்பு, யார் பேச்சுக்கு இல்லை என்று அவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

என்ன, நான் சொல்றது சரிதானே?