பள்ளி வயதில் உடல் வளர்ச்சி: ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர்?

அங்கன்வாடிக் காலத்தில் குழந்தையின் எடையும் உயரமும் முறையாகப் பதிவாகின்றன. பள்ளியில் சேர்ந்தபின் பல வீடுகளில் இக்கவனம் தளர்ந்துவிடுகிறது. 2016-18இல் நடைபெற்ற தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வின்படி, இந்தியாவில் 5 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

காரைக்காலை உள்ளடக்கிய இன்றைய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், பிரெஞ்சு ஆட்சியின்போதே, 1930இல் பள்ளி மதிய உணவு தொடங்கப்பட்டது. உணவளிக்கும் வழக்கம் நமக்குப் பழையது. அவ்வுணவு உடலில் சேர்கிறதா என அளந்தறியும் பழக்கமும் தேவை.

இவ்வயதில் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. உயரமும், 2 முதல் 3 கிலோ எடையும் கூடுவது இயல்பு. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, காலணியின்றிச் சுவரையொட்டி நிறுத்தி உயரத்தை அளந்து, தேதியுடன் குறித்துவையுங்கள்.

பெற்றோர் குட்டையாக இருப்பின் குழந்தையும் அவ்வாறு இருக்கலாம். ஆயினும் ஆண்டுதோறும் சீராக வளரும். ஓராண்டில் 4 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தால், "வம்சவாகு" என்று விட்டுவிடாதீர்கள். ஊட்டக்குறைவு, நாட்பட்ட நோய், தைராய்டு குறைபாடு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். எலும்பு முனைகள் மூடிக்கொண்டபின் சிகிச்சையால் உயரம் கூடாது.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் மார்பக வளர்ச்சியோ, ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன் விரை வளர்ச்சியோ தொடங்கினாலும் தாமதிக்க வேண்டாம். குழந்தையைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். குறித்துவைத்த அளவுகளுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ அழைத்து வாருங்கள்.