உருக்காலையை விட்டு ஓடியவர்கள்

ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர்' வரிசையில் முதலிரண்டு படங்களும் தொழிற்சாலையில்தான் முடிகின்றன. 1984-இல் வந்த முதல் படத்தில் ஆளற்ற ஒரு தானியங்கி ஆலை. அங்குள்ள அழுத்து எந்திரம் ஒன்றில்தான் கொலை எந்திரம் நசுங்குகிறது. 1991-இல் வந்த இரண்டாம் படத்தில் உருக்காலை. திரவ நைட்ரஜன் லாரி கவிழ்ந்து சறுக்கியபடி உள்ளே புகுந்ததும், வேலையிலிருந்த தொழிலாளர்கள் உயிர்தப்ப ஓடுகிறார்கள். சில நொடிகளே நீளும் காட்சி. அதன்பின் அவர்களைப் பற்றிப் படத்துக்குக் கவலையில்லை. அவர்கள் எங்கே போனார்கள், மறுநாள் ஷிப்டு இருந்ததா, ஆலை மூடிக்கிடந்த நாட்களுக்குக் கூலி கிடைத்ததா என்றெல்லாம் கேட்பதற்குத் திரைப்படத்துக்கு நேரமில்லை. நாவலுக்கு நேரம் உண்டு. இப்படங்களின் தொடர்ச்சியாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவல்களைப் பொருட்படுத்திப் பேச நாம் முற்படுவதும் இதனால்தான்.

இந்நாவல்கள் ஒன்றிரண்டல்ல. எஸ்.எம். ஸ்டிர்லிங் 2001 முதல் 2003 வரை மூன்று நாவல்கள் எழுதினார். இரண்டாம் படம் முடிந்த இடத்திலிருந்து அவர் தொடங்குகிறார். ஸாரா கானரும் மகன் ஜானும் பராகுவேயில் மறைந்து வாழ்கிறார்கள். பக்கத்துப் பண்ணையில் குடியிருக்கும் ஆஸ்திரியருக்கு அந்தக் கொலை எந்திரத்தின் அதே முகம். எந்திரத்தின் முகத்துக்கு மாதிரியாக அமைந்த மனிதர் அவர்தான் என்பது ஸ்டிர்லிங்கின் கற்பனை. அதே காலத்தில், அதே படத்திலிருந்து, ரஸ்ஸல் பிளாக்ஃபோர்ட் என்ற ஆஸ்திரேலியர் வேறொரு மூன்று நாவல் வரிசையை எழுதினார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா. 2003-இல் மூன்றாவது படம் வெளிவந்தபோது அது இரண்டையும் பொருட்படுத்தாமல் தன் வழியே சென்றது. 2009-இல் நான்காவது படம் வந்ததையொட்டி டிமோதி ஸான் இரண்டு நாவல்களும் கிரெக் காக்ஸ் ஒன்றும் எழுதினார்கள்.

இவற்றின் உரைநடை பெரும்பாலும் சாதாரணமானது. துப்பாக்கிகளின் வகைப் பெயர்களை ஒப்பிக்கும் பக்கங்களைத் தாண்டித்தான் செல்லவேண்டும். ஆனால் ஸானின் முதல் நாவலில் ஒரு பகுதி நம்மை நிறுத்தியது. இடிந்த லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கட்டடம். அதில் ஒண்டிக்கிடக்கும் மக்கள். யார் எந்த நேரம் காவல் நிற்பது, கிடைத்த உணவை எப்படிப் பங்கிடுவது என்ற அன்றாடக் கணக்கு. பின்னாளில் முதல் படத்தின் நாயகனாகப்போகும் கைல் ரீஸ் இங்கே வெறும் பையன், காவல் முறைக்காரர்களில் ஒருவன். காக்ஸின் நாவலில், ஏவுகணைகளைச் செலுத்திவிட்டுத் தான் செய்தது என்னவென்று பிறகு உணரும் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் ஒருவன் வருகிறான். அலாஸ்காவில் எந்திரங்களுக்காக யுரேனியம் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயிலைக் கவிழ்க்கப் போராடும் மலைவாசிகள் வருகிறார்கள். உலகை மீட்கப் பிறந்தவனின் கதை ஓரமாக ஒதுங்கி, உலகில் இருந்துகொண்டிருப்பவர்களின் கதை நடுவே வருகிறது. படங்கள் விட்டுவைத்த இடம் இது.

வாசகர்கள் முகம் சுளிக்கலாம். பட நிறுவனம் உரிமை கொடுத்து, கூலி பேசி, குறித்த தேதிக்குள் எழுதி வாங்கும் சரக்கை இலக்கியப் பக்கத்தில் பேசுவானேன் என்று கேட்கலாம். நம் மரபு இந்த வேலையைக் கீழாகப் பார்த்ததில்லை. வியாசர் அறியாத அல்லியை அருச்சுனனுக்கு மணமுடித்து 'அல்லி அரசாணி மாலை' பாடியவர்கள் நம்மவர்கள். 'பவளக்கொடி மாலை', 'ஏணியேற்றம்' எல்லாம் அதே குடும்பம். பெரிய எழுத்துப் பதிப்புகளாக இவை மலிவு விலையில் விற்றன. கூலித் தொழிலாளியின் வீட்டுக்குள் பாரதம் நுழைந்தது பெரும்பாலும் இப்புத்தகங்கள் வழியாகவும் கூத்து வழியாகவும்தான். அண்மைக் காலத்திலும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். மூலத்தின் சொந்தக்காரர் யாராயிருந்தாலும், தொடர்வதற்கான உரிமையைக் கதை கேட்டவர்கள் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் திரைப்படத்திலிருந்து நாவலுக்கு வரும் பாதை இங்கே வேர்பிடிக்கவில்லை. பாட்டுப் புத்தகம் விற்றது, திரைக்கதை வசனம் நூலாயிற்று, நாவல்கள் படமாயின. படம் முடிந்த இடத்தில் நாவல் தொடங்குவது நமக்குப் பழக்கமில்லை. 'எந்திரன்' 2010-இல் வந்தது. 2018-இல் '2.0'. நடுவே எட்டு ஆண்டுகள். தன்னைப் போலவே எண்ணற்ற எந்திரங்களைச் செய்துகொண்ட சிட்டி சென்னையில் நிகழ்த்திய அழிவுக்குப் பின், அழிந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கியவர் யார்? இறந்த காவலர்களின் வீடுகளில் என்ன நடந்தது? படம் நேரே 2030-ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்துக்குத் தாவிவிடுகிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் கழற்றி வைக்கப்பட்ட சிட்டியை வேடிக்கை பார்க்கிறார்கள்.

சுஜாதாவை இங்கே தவிர்க்க முடியாது. 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரண்டும் தமிழ் அறிவியல் புனைகதையின் வாசலைப் பொதுவாசகனுக்குத் திறந்துவிட்டவை. 'எந்திரன்' வசனத்திலும் அவர் பங்கு உண்டு. படத்தைப் பார்க்க அவர் இல்லை, 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற அவருக்கு எந்திரத்தின் மேல் அச்சம் கிடையாது; ஆர்வமும் கேலியும் மட்டுமே உண்டு. ஆகவே அவர் படைத்த ஜீனோ என்ற எந்திர நாய், கூட வரும் மனிதர்களைவிட நம் அன்பைப் பெறுகிறது. கொடுங்கோல் ஆட்சியின் சூத்திரத்தை அது தன் சிறு தலைக்குள் யோசித்து அவிழ்க்கிறது. இந்தச் சாதனையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் காட்டிய போராட்டம் ஆட்சி பீடத்தைச் சுற்றியும், 'எந்திரன்' காட்டியது ஆய்வகத்தைச் சுற்றியும் நடக்கின்றன. கூலிக்கு வேலை செய்யும் மனிதன் எந்திரத்தை முதன்முதலில் எதிரெதிராகச் சந்தித்த இடம் இவ்விரண்டும் அல்ல.

அந்த இடம் நமக்கு மிக அருகில், ராயபுரத்தை ஒட்டிய கடலோரத்தில் இருக்கிறது. கேமரூனின் முதல் படம் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1983-இல், சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதுவரை கப்பலுக்குள் கேங் கேங்காக ஆட்கள் இறங்கி, மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்க, வின்ச் அதைத் தூக்கும். கீழே நிற்பவனை வின்ச் ஓட்டுபவன் பார்க்க முடியாது. இடையே தளத்தில் நிற்பவனின் கைச்சாடைதான் இருவருக்கும் பாஷை. மெல்ல, நிறுத்து, இன்னும் ஒரு சாண் இறக்கு என்று விரல்களால் பேசுவான். விரல் தவறினால் கீழே ஓர் உயிர் போகும். ஒரு கப்பல் காலியாகப் பல நாட்களாகும். அத்தனை நாளும் இத்தனை பேருக்குச் சோறு.

பெட்டகம் வந்தது. இருபது அடி நீளம், எட்டு அடி அகலம் கொண்ட இரும்புப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று கரையில் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. பளுதூக்கி ஒன்று அதைப் பிடித்துத் தூக்கி லாரியில் வைத்துவிடும். கப்பலுக்குள் இறங்கும் கேங்குக்கு வேலையே இல்லை. கப்பல்கூலிகளின் வேலைக்கு ஓர் ஒழுங்கும் காப்பும் தந்தது 1948-ஆம் ஆண்டின் சட்டம். அதன்கீழ் எழுந்த தொழிலாளர் வாரியங்களைப் பெருந்துறைமுகங்களில் கலைப்பதற்கு 1997-இல் வேறொரு சட்டம் வழிசெய்தது. படத்தின் கதைப்படி எந்திரங்கள் உலகை அழித்த நாளும் 1997 ஆகஸ்டு 29-தான். இதைத் தற்செயல் என்றே கொள்வோம். 2001-இல் பெட்டக முனையம் பன்னாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் பொறுப்புக்குப் போயிற்று.

முதல் படத்தில் கைல் ரீஸ் தன் கையிலிருக்கும் பட்டைக்குறியைக் காட்டுகிறான். எந்திரங்கள் சிலரை மட்டும் உயிரோடு வைத்திருந்ததாகவும், பிணங்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு அவர்களைப் பயன்படுத்தியதாகவும் சொல்கிறான். ஹாலிவுட்டின் மிகக் கொடிய எந்திரத்துக்கும் சுமையேற்ற மனிதன் தேவைப்பட்டிருக்கிறான்! ராயபுரத்துக்கு வந்த பளுதூக்கிக்கு அந்தத் தேவைகூட இல்லை. அதற்கு யார்மீதும் பகையில்லை; சிவந்த கண் இல்லை; யாரையும் துரத்தவில்லை. விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்கியது மனிதர்கள்தாம். பகையில்லாத எதிரியை எப்படி எழுதுவது என்பதே இங்கு எழுத்தாளனுக்கு முன்னுள்ள சிக்கல். 'டெர்மினேட்டர்' நாவல்களில் இதற்கு விடை கிடையாது. நாம் அவற்றிலிருந்து கடன் வாங்க வேண்டியது காவல் முறையையும் சோற்றுப் பங்கீட்டையும் மட்டுமே.

மற்றொரு சிக்கலும் உண்டு. நம் தொழிலாளி எந்திரத்தை உடைப்பவன் அல்லன். ஆயுத பூசையன்று பளுதூக்கிக்கும் டிரெய்லருக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பவன். தன் வேலையைத் தின்ன வந்த எந்திரத்துக்கே பொட்டு வைக்கும் இந்த மனத்தை ஆங்கில நாவல் அறியாது. ஸ்டிர்லிங்கின் நாவல்களில் எந்திர நாகரிகத்தை வெறுக்கும் கூட்டம் ஒன்று கடைசியில் எந்திரத்துக்கே கையாளாகிறது. சாமர்த்தியமான கற்பனை, ஆனால் வெறுப்பையும் விசுவாசத்தையும் தவிர வேறு உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை. உண்மையில் அமெரிக்காவின் பசிபிக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 1960-லேயே வேறு வழி கண்டார்கள். ஹாரி பிரிட்ஜஸின் தலைமையில் அவர்களது சங்கம், எந்திரம் வரட்டும், அதன் ஆதாயத்தில் எங்களுக்குப் பங்கு கொடு என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகமும் அதில் அடக்கம். கேமரூன் தன் யுத்தத்தை நடத்திய அதே நகரத்தில் மனிதனும் எந்திரமும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தத் தொடர்ச்சி நாவலும் இதைத் தொடவில்லை.

ராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போனால் கதை இன்னும் சிக்கலாகிறது. 2001-இல் அங்கே திறக்கப்பட்ட துறைமுகம் முதலிலிருந்தே நிலக்கரிக்காகக் கட்டப்பட்டது. கப்பலிலிருந்து கரி, கன்வேயர் பட்டையேறி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. தலைச்சுமைக்கு அங்கே இடமே வைக்கவில்லை. 2011-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பையொட்டிச் சென்னைத் துறைமுகத்தில் கரி கையாள்வது நின்றது. ராயபுரத்து வீடுகளில் படிந்த கரித்தூள் குறைந்தது, கரி வேலையும் போயிற்று. தூள் எண்ணூருக்குக் குடிபெயர்ந்தது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்தது. 2017-இல் டி.எம். கிருஷ்ணாவின் 'சென்னை புறம்போக்குப் பாடல்' அந்தச் சாம்பல் மேட்டுக்கே போய் நின்று பாடியது. பாட்டு போன இடத்துக்கு அறிவியல் புனைகதை போகக்கூடாதா?

அதே 2017 ஜனவரி இறுதியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் தார்போல் ஒதுங்கிய அதனை அள்ள உறிஞ்சு வாகனங்கள் வந்தன. கெட்டிப்பட்ட குழம்பை உறிஞ்ச அவற்றால் முடியவில்லை. வாளிகள் வந்தன. மீனவர்களும் இளைஞர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வரிசையாகப் பாறைகள்மேல் நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். எந்திரம் தோற்று மனித வரிசை திரும்ப அழைக்கப்பட்ட அந்தச் சில நாட்கள், நாம் படித்த எதிர்கால யுத்தப் பக்கங்கள் அனைத்தையும்விட விசித்திரமானவை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். 'எந்திரன்' விட்ட எட்டாண்டு இடைவெளியில் ஒரு நாவலை யாரேனும் தொடங்கட்டும். உரிமைச் சிக்கல் வரும் என்றால் சிட்டியின் பெயரை மாற்றிக்கொள்ளட்டும். அல்லியை எழுதியவன் வியாசனிடம் அனுமதி வாங்கவில்லை. அவ்வளவு உதிரி பாகங்களும் பெட்டகத்தில் அடைபட்டுக் கடல் வழியாகத்தானே வந்திருக்கும்? துறைமுகத்தின் ஜீரோ கேட் முன்னே எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் பகலும் இரவும் காத்துக்கிடந்த ஆண்டுகள் அவை. வண்டிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டு, தன் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று தெரியாத ஓட்டுநர் ஒருவரிடமிருந்து கதை புறப்படலாம். அவருடைய அப்பா கைச்சாடைக்காரராக இருந்திருக்கலாம்.

1983-இல் இருபத்தைந்து வயதில் கப்பலுக்குள் இறங்கியவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். அந்தச் சாடைகளில் எது 'நிறுத்து', எது 'ஒரு சாண் இறக்கு' என்று செய்து காட்டக் கூடியவர்கள் ராயபுரத்துச் சந்துகளில் இன்னமும் இருக்கிறார்கள். எழுத நினைப்பவர்கள் முதலில் அவர்களிடம் போகட்டும்.