ஞாயிற்றுக்கிழமை ஓவியனுக்குச் சுமை எதற்கு?

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர்களில் படம் எழுதத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டரிடம் நல்ல பெயர் வாங்கியவர்கள், ஊர்த் திருவிழாவுக்குத் தட்டி எழுதியவர்கள், தேர்தல் நேரத்தில் சுவரில் சின்னம் வரைந்து கைச்செலவுக்குக் காசு பார்த்தவர்கள் என்று பீன்யா பட்டறைகளிலும் சிக்பேட்டை கணக்குப்பிள்ளைகளிடையிலும் தேடினால் நிறையப் பேர் அகப்படுவார்கள். ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்பாகிலோ கப்பன் பூங்காவிலோ மரத்தடியில் உட்கார்ந்து வர்ணம் தீட்டுவோர் கூட்டத்தில் இவர்களைக் காண்பது அரிது. கேட்டால் நேரமில்லை என்பார்கள். சினிமாவுக்கும் சீட்டாட்டத்துக்கும் கிடைக்கும் நேரம் இதற்கு மட்டும் கிடைக்காமற் போவது எப்படி? தடுப்பது நேரமல்ல, சுமை. இன்னும் சரியாகச் சொன்னால், சுமை பற்றிய அச்சம்.

வெளியே போய்ப் படம் எழுதுவதென்றால் மூன்று கால் ஈசல் வேண்டும், சட்டத்தில் இழுத்துக் கட்டிய கான்வாஸ் வேண்டும், பித்தளைக் கொக்கி வைத்த மரப்பெட்டி வேண்டும், இவற்றை ஏற்றிப் போக ஒரு கார் வேண்டும் என்ற எண்ணம் பலருடைய மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பிரெஞ்சு ஈசல் என்று கடைகளில் விற்கும் மடக்குப் பெட்டி, வர்ணம் வைக்கும் முன்பே ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கிறது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பி.எம்.டி.சி. பஸ்ஸில் ஏறுகிறவர் கண்டக்டரிடம் மட்டுமின்றிப் பஸ்ஸில் உள்ள அத்தனை பேரிடமும் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும். ஒரு முறை அந்த அனுபவம் ஏற்பட்டால் அடுத்த ஞாயிறு பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

சுமை தூக்க ஆள் வைத்துக்கொண்டு படம் எழுதிய காலம் ஒன்று இருந்தது. மூன்றாம் மைசூர் யுத்தத்தின்போது காரன்வாலிஸ் படையோடு வந்த ராபர்ட் ஹோம் என்ற ஆங்கில ஓவியர், பெங்களூர்க் கோட்டையையும் மைசூர் நாட்டு மலைக்கோட்டைகளையும் பார்த்து எழுதி 1794இல் புத்தகமாக வெளியிட்டார். படையோடு போனவருக்கு மாட்டு வண்டிக்கா பஞ்சம்? 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரி வரை சுற்றிய டேனியல்கள், பெரியவரும் அவருடைய சகோதரர் மகனும், பல்லக்கும் தூக்குவோரும் சூழத்தான் போனார்கள். இன்று அச்சில் பார்த்து வியக்கும் அந்தச் சித்திரங்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டொருவர். தோள் கொடுத்தவர்கள் பெயர் எங்கும் இல்லை.

அந்த நிலை மாறியதற்குக் காரணம் ஒரு சின்னத் தகரக் குழாய். அதுவரை எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஆணியால் குத்தித் துளை போட்டுப் பிதுக்க வேண்டும். துளை போட்ட பிறகு வர்ணம் காய்ந்து போகும், வழியில் வெடித்தும் போகும். ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் திருகுமூடி போட்ட தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் மோனேயும் பிசாரோவும் வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் வர்ணத்தோடு போய் நிற்க முடிந்ததில் இந்த டியூபுக்கும் பங்குண்டு. இன்று பல் விளக்கும் பசையிலிருந்து மூட்டுவலிக் களிம்பு வரை அந்த டியூபில்தான் அடைபடுகிறது என்றாலும், ஓவியர்களுக்கு நன்றி சொல்வார் யாருமில்லை!

இந்த ஊரிலேயே ஒருவர் வழிகாட்டியிருக்கிறார். ரூமாலே சென்னபசவையா (1910-1988) சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், அரசியலில் பதவியும் வகித்தவர். அதையெல்லாம் விட்டு ஓவியத்துக்குத் திரும்பிய பிறகு அவர் பெங்களூரின் பூமரங்களைத் தேடித் தேடிப் போய், அவற்றின் முன்னால் நின்றே தீட்டினார். இன்று வெட்டுண்டு போன மரங்கள் பலவும் அவருடைய படங்களில் பூத்து நிற்கின்றன.

எண்ணெய் வேண்டாம், நீர் போதும்

மாதச் சம்பளக்காரர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எண்ணெய் வர்ணமா, நீர் வர்ணமா என்பதுதான். எண்ணெய் வர்ணத்தின் அழகை யாரும் மறுக்கவில்லை. ஆனால், அதற்கு டர்பன்டைன் வேண்டும். மெட்ரோ ரயிலில் எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கு அனுமதியில்லை; பை சோதனையில் புட்டி வெளியே வந்தால் ஓவியரும் வெளியேதான் நிற்க வேண்டும். தீட்டிய படம் காய நாள் கணக்காகும். ஈரக் கான்வாஸைக் கூட்டத்தில் கொண்டுவந்தால் பக்கத்தில் நிற்பவர் சட்டையிலும் ஓவியம் ஏறும். பீன்யாவிலிருந்து லால்பாகுக்கு வண்டி மாறாமல் பச்சை வழித்தடத்தில் போய்விடலாம் என்ற வசதியைப் பயன்படுத்த விரும்புகிறவருக்கு நீர் வர்ணமே உகந்தது.

அடுத்தது காகிதம். முழு இம்பீரியல் தாள் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம். அதை நான்காக வெட்டினால் 15க்கு 11. வெளியில் தீட்ட இதற்கு மேல் ஒருபோதும் தேவையில்லை. காலை நிழல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதற்குள் முழுத் தாளை நிரப்பப் பார்ப்பது பேராசை. 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாளானால் நனைத்துப் பலகையில் ஒட்டி இழுக்கும் வேலை மிச்சம். அத்தகைய கால் தாள் ஒன்று ஏறக்குறைய 32 கிராம். நான்கு தாள் எடுத்துப் போனாலும் 130 கிராமைத் தாண்டாது. காகிதத்தில் மட்டும் சிக்கனம் பார்ப்பது கூடாது. மலிவான டிராயிங் தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம் போல் நெளியும். பழகுகிறவர் அது தம் கைக்குற்றம் என்று எண்ணி மனம் உடைந்து போவார்.

தாளை வைக்கப் பலகை வேண்டுமே என்றால், அங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 16க்கு 12 அங்குலத்தில் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் அரைக்கிலோ அளவுக்கு வரும். அதே அளவில் மூன்று மில்லிமீட்டர் சன்பேக் ஷீட், தேர்தல் முடிந்ததும் வேலியோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக் அட்டைதான், நூறு கிராம்கூட இராது. தண்ணீர் பட்டாலும் ஊறாது. நான்கு கிளிப்பு மாட்டினால் பலகை தயார். வேட்பாளர் தோற்றாலும் அட்டை பயன்படும்.

வர்ணப் பெட்டி விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்பக் கூடாது. 24 வர்ணம், 36 வர்ணம் என்று அடுக்கிய பெட்டிகள் பரிசு கொடுக்கத்தான் லாயக்கு. எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் காவி, ஒரு சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, ஒரு பச்சை ஆகிய ஆறே போதும். கறுப்பு தனியாக வேண்டியதில்லை. அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் மழைமேகம் முதல் தார்ச்சாலை வரை எல்லாச் சாம்பலும் கிடைக்கும். பையனுடைய பழைய ஜியாமெட்ரி பெட்டியில் மருந்துப் புட்டி மூடிகளை இருபுறமும் ஒட்டும் டேப்பால் ஒட்டி, டியூப் வர்ணத்தை அவற்றில் பிதுக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர விட வேண்டும். வெடிப்பு விடாமலிருக்க ஒரு சொட்டுக் கிளிசரின் சேர்ப்பதுண்டு. பெட்டி மூடியின் உட்புறம் வெள்ளை எனாமல் பூசிவிட்டால் அதுவே வர்ணம் கலக்கும் தட்டு. செலவு என்று பார்த்தால் வர்ண டியூபுகளுக்கு மட்டும்தான்.

தூரிகை இரண்டு போதும்: எட்டாம் நம்பர் உருண்டை ஒன்று, அரை அங்குலப் பட்டை ஒன்று. காம்பு நீளமாக இருந்தால் பைக்குத் தக்கபடி அறுத்துக்கொள்ளலாம், தூரிகைக்கு வலிக்காது. கீரிமுடித் தூரிகை என்று யாராவது பெருமையாக எடுத்துக் காட்டினால் வாங்காமல் வந்துவிடுவதே நல்லது. கீரி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது; அதன் முடியில் செய்த தூரிகையை விற்பது குற்றம். செயற்கை இழைத் தூரிகை இன்று நன்றாகவே தண்ணீர் பிடிக்கிறது, விலையும் குறைவு.

ஆக, தாள் 130 கிராம், அட்டை 75, வர்ணப் பெட்டி 200, தூரிகைகள் 50, துணியும் கிளிப்பும் பென்சிலும் 100, அரை லிட்டர் தண்ணீர் 500. மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அதிலும் பாதி தண்ணீர். ஒரு ஜோல்னாப் பையில் அடங்கிவிடும். மடக்கு ஸ்டூல் சேர்த்தாலும் இரண்டு கிலோவை எட்டாது. முக்காலி ஈசல் அவசியமா என்றால், இல்லை என்பதே பதில். அட்டையை மடியில் சாய்த்துக்கொண்டு எழுதுவதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. முக்காலியைக் கண்டதும் படப்பிடிப்பா, அனுமதி இருக்கிறதா என்ற கேள்வி எழலாம். மடியில் அட்டை வைத்திருப்பவரை யாரும் பொருட்படுத்துவதில்லை.

போட்டோ போதாதா?

கையில் போன் இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு, ஒரு போட்டோ பிடித்து வந்து வீட்டில் நிதானமாக எழுதலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒற்றை அறையில் நான்கு பேர் தங்கியிருக்கும் இடத்தில் நிதானம் எங்கிருந்து வரும் என்பது ஒருபுறமிருக்க, போட்டோவில் ஒரு குறை உண்டு. ஆலமர நிழலைப் பார்க்கிற கண்ணுக்கு அதற்குள் நீலமும் ஊதாவும் பச்சையும் தெரியும். போட்டோவில் அது பெரும்பாலும் கறுத்துவிடும். வெயிலில் எரியும் குல்மொகர் பூவோ ஒரே சிவப்புத் திட்டாக அப்பிவிடும். இதைவிட முக்கியமான காரணம் வேறு. போட்டோ பிடிக்க ஒரு விநாடி ஆகிறது. படம் எழுத இரண்டு மணி நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெங்களூர்த் தமிழருக்கு அந்தப் பார்வை தேவைப்படுகிறது. ஓசூர் வழியாகவும் ஜோலார்பேட்டை வழியாகவும் வந்து ஊர்போய்த் திரும்புகிறவர்கள் மெஜஸ்டிக்கில் இறங்குகிறார்கள். அந்தப் பஸ் நிலையம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்ற ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்குமிடத்தில் சம்பங்கி ஏரி. இந்த நகரின் கட்டடங்களுக்குக் கல்லும் கலவையும் சுமந்தவர்களிலும், ஆலைகளில் ஷிப்டு பார்த்தவர்களிலும், அலுவலகப் பேரேடுகளை எழுதியவர்களிலும் எத்தனையோ தமிழர்கள் உண்டு. ஏரி தூர்ந்ததைப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஊருக்குக் கடிதம் எழுதியபோது அரிசி விலையைப் பற்றியும் மணியார்டர் பற்றியும் எழுதியிருப்பார்கள். ஏரியைப் பற்றி எழுத ஓய்வு இருந்திருக்காது. இருபது முப்பது ஆண்டு ஒரு நகரில் வாழ்ந்து, வேலைக்குப் போகும் வழியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓய்வு பெற்று ஊர் திரும்புவது நஷ்டக் கணக்கு. அல்சூர் ஏரி இன்றும் இருக்கிறது. கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அங்கே போய்ச் சிலைக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஏரியைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தாம் அதிகம்.

படம் விற்குமா என்ற கேள்வியும் வரும். சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்திவரும் சித்திரச் சந்தையில் குமாரகிருபா சாலை நெடுகப் படங்களை வைத்து விற்கிறார்கள். கை தேறினால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். முதல் ஞாயிறே விலை நினைப்போடு உட்காருகிறவர் பக்கத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாரே தவிர மரத்தைப் பார்க்க மாட்டார்.

புறப்படும் முன் சில எச்சரிக்கைகள். வெள்ளைத் தாளை நேர் வெயிலில் வைக்கக் கூடாது. கண் கூசி வர்ணம் தப்பும், வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் கறுத்துக் கிடக்கும். நிழலுக்குக் குடை பிடிப்பதானால் கறுப்புக் குடை நல்லது. வர்ணக் குடை தன் சாயலைத் தாள் மேல் இறக்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் காற்று உலர்ந்திருப்பதால் வர்ணம் சீக்கிரம் காயும், தண்ணீரைத் தாராளமாக விட வேண்டும். ஜூலையில் நேர்மாறு, ஒரு வர்ணம் காய்வதற்குள் அடுத்ததை வைத்தால் இரண்டும் சேறாகும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் மழையை நம்ப முடியாது, காலையோடு முடித்துக்கொள்ள வேண்டும். தூரிகை கழுவிய தண்ணீரை ஏரியில் கொட்டக் கூடாது, சில வர்ணங்களில் விஷச்சத்து உண்டு. இரண்டு டப்பா வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழுவுவதற்கும் மற்றதை நல்ல தண்ணீருக்கும் ஒதுக்குவது வழக்கம்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை டபீபுயா மரங்கள் இலை உதிர்த்து ரோஜா நிறத்தில் பூத்து நிற்கும். பழகுகிறவருக்கு அதைவிட லால்பாக் பாறை எளிது. 300 கோடி ஆண்டுப் பழமையான அந்தப் பாறையும் அதன் உச்சியில் கெம்பே கவுடர் மண்டபமும் அசையாமல் இருக்கும், பூப் போல உதிராது. திரும்பும்போது தாள்களுக்கு இடையே ஒரு பழைய செய்தித்தாளை மடித்து வைத்து, அட்டையோடு கிளிப்பு போட்டுவிட்டால் பஸ் நெரிசலிலும் படம் கசங்காது. அதே செய்தித்தாளைக் காலையில் புல் ஈரத்தின் மேல் விரித்து உட்கார்ந்திருந்தால், நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.