கதவு விற்றவர் ஒருவர், மாட்டியவர் ஒருவர்

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் டேலி கிளார்க்காக நின்றவன் நான். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது கிழிந்தது எத்தனை, நனைந்தது எத்தனை, உடைந்தது எத்தனை என்று அங்கேயே தாளில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாமல் கையெழுத்துப் போட்டால், எல்லாம் நல்லபடியாக வந்ததாகக் கணக்கு. அப்புறம் கப்பல்காரரிடம் போய் நின்று பிரயோஜனம் இல்லை. இப்படி ஆயிரக்கணக்கில் ரிமார்க் எழுதிய கை, சொந்த வீட்டு வாசல் கதவுக்கு ஒரு வரிகூட எழுதாமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தது.

2023 டிசம்பர் மழையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் நாலு நாள் தண்ணீர் நின்றது. அப்பா காலத்துத் தேக்குக் கதவு தாங்கிவிட்டது. ஏற்கெனவே கரையான் அரித்திருந்த நிலைக்கால்தான் அடியில் ஊறி உதிர்ந்தது. நிலையை மாற்றுகிற கையோடு கதவையும் மாற்றிவிடலாம் என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். பழைய தேக்கை என்ன விலைக்குத் தள்ளினேன் என்று இங்கே எழுதினால் வீட்டில் மறுபடி சண்டை வரும்.

சித்திரை வெயிலில் புதுக் கதவு மாட்டினார்கள். நிலைக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை. ‘பாத்தீங்களா, எறும்பு நுழையாது அண்ணாச்சி’ என்றான் மாட்டிய பையன். எனக்கும் பெருமைதான். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் கதவு இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்து தோளால் முட்டித் திறக்க வேண்டும். ஈரம் வாங்காத நாளிலோ நேர்மாறு: தாழ்ப்பாள் போடாவிட்டால் கதவு தானாகவே மெல்லத் திறந்துகொள்ளும், யாரோ வருகிற மாதிரி.

பையனுக்குப் போன் போட்டேன். ‘மழைக்குக் கொஞ்சம் உப்பத்தான் செய்யும். வந்து இழைச்சு விட்டுருதேன்’ என்றான். வரவில்லை. கடையில் போய்க் கேட்டேன். மாட்டுவதற்கு முன்னால் ‘நம்ம பையன்தான்’ என்றவர் இப்போது ‘அவன் தனி ஆளு, எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை’ என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். கதவு ஒன்று, நிலை ஒன்று. மாட்டிய கூலிக்குத் தாளே கிடையாது.

பழைய துறைமுகத்தில் தோணி வேலை பார்த்த ஆசாரி ஒருவர் அடுத்த தெருவில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர். அவரைக் கூட்டிவந்தேன். அவர் இழைப்புளியைத் தொடவே இல்லை. சணல் கயிற்றில் என் பூட்டைக் கட்டி நிலையின் மேலிருந்து தொங்கவிட்டார். கயிறு நேராக நின்றது, நிலைக்கால் நிற்கவில்லை. கீழே வருவதற்குள் ஒரு விரல்கடை விலகியிருந்தது. கதவு தானாகத் திறந்ததற்குக் காரணம் அது. அடுத்து கீல் பக்கம் இடைவெளியைப் பார்த்தார். மேலே இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தைச் சேர்த்து நுழைக்கலாம், கீழே தாள்கூட நுழையாது. மேல்கீல் திருகாணியைக் கழற்றினார். விரல்நகம் நீளம்தான் இருந்தது, துருவேறி அவர் விரலிலேயே உதிர்ந்தது. கடைசியாக ஸ்டூலில் ஏறிக் கதவின் மேல்விளிம்பைத் தடவி என்னிடம் கையைக் காட்டினார். பெயிண்டே இல்லாத பச்சை மரம்.

‘இதுலதான் தம்பி ஈரம் குடிக்கும். நாலு பக்கமும் அடைக்கணும். கண்ணுக்குத் தெரியுற ரெண்டு பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சா எப்படி?’

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகிற தோணியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பருத்தி நூலைத் திணித்து அடிப்பார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர். தண்ணீரில் மரம் உப்பும் என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது, அகலவாக்கில்தான் கூடிக் குறையும். கோடையில் எறும்பு நுழையாமல் மாட்டிய கதவு கார்த்திகையில் எங்கே போகும்? மழைக்காலத்தில் உப்பியதை இழைத்துவிட்டால் அடுத்த பங்குனியில் பல்லி நுழைகிற சந்து வரும். அந்தப் பையன் வராததே நல்லதாயிற்று.

உப்புக்காற்று ஊர் இது. சாதா இரும்புத் திருகாணி இங்கே ஒரு மழைக்காலம் தாங்குவதே அதிகம். எவர்சில்வரிலும் 304 ரகத்தைவிட மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் கடலோரத்துக்கு ஆகும். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு கதவுக்கு மூன்று கீலுக்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சரக்கின் கோளாறு மட்டுமல்ல, சேவைக் குறைபாடும் புகார்தான். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். ஆனால் கையில் தாள் இல்லாமல் போய் எதைக் காட்டுவது? கதவு விற்கிற கடை, மாட்டுகிற கூலியையும் அதே பில்லில் எழுத வேண்டும். ஆளை அனுப்புவது கடைதான் என்றால் பொறுப்பும் கடைக்குத்தான். எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். கூலியில் ஒரு பங்கை ஒரு வாடைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்கலாம் என்பது என் கட்சி.

ஆசாரி மேல்கீலுக்கு நீளத் திருகாணி போட்டார். கீழ்க்கீலுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்துத் திணித்தார். கதவு எழும்பி நேரானது. நிலையைப் பெயர்த்து நிறுத்துவதும் விளிம்புகளை அடைப்பதும் மழை விட்டு, தை பிறந்த பிறகு என்று முடிவாயிற்று. என் கட்சியை அவரிடமே அமல்படுத்திப் பார்த்தேன். பாக்கியை அடுத்த ஐப்பசியில் தருகிறேன் அண்ணாச்சி என்றேன்.

‘அதுவரைக்கும் நான் இருக்கணுமே தம்பி’ என்று சிரித்தார். பாதியை மட்டும் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுதியதும் பேனாவை என் பக்கமே திருப்பி, கையெழுத்துக் கேட்டார்.