சுரங்க ரயில் காற்றிலுள்ள இரும்புத் துகள்கள்: ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் கவனத்திற்கு

இலண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் காற்றில் இரும்பு மிகுந்திருப்பது புதிய செய்தியன்று. சக்கரமும் தண்டவாளமும் உராயும்போதும் பிரேக் அழுந்தும்போதும் இரும்புத் துணுக்குகள் உதிர்கின்றன. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து துருவாகின்றன. அக்காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் எடையில் ஏறத்தாழப் பாதி இரும்பு ஆக்சைடு என்பது முன்னரே அளந்தறியப்பட்டது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 டிசம்பரில் வெளியிட்ட முடிவு இக்கவலையைக் கூர்மையாக்கியது. நடைமேடைகளிலும் ஓட்டுநர் அறைகளிலும் திரட்டிய தூசியில் மேகமைட் என்னும் இரும்பு ஆக்சைடு நிறைந்திருந்தது. நெடுநாள் காற்றுப்பட்ட இரும்பே இந்நிலையை அடையும். ஆகவே, போதிய காற்றோட்டமின்மையால் துகள்கள் சுரங்கத்திலேயே தங்கி, ரயில் வரும்போதெல்லாம் மீண்டும் எழும்புகின்றன என்று அவர்கள் கருதுகின்றனர். துகள்களின் சராசரி அளவு 10 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியவை நுரையீரலைக் கடந்து இரத்தத்தில் கலக்கக்கூடும். காற்று மாசு பெரும்பாலும் எடையால் அளக்கப்படுவதால், எண்ணிக்கையில் மிகுந்திருந்தாலும் இவை கணக்கில் தென்படாமல் போகலாம்.

இவ்வாய்வு தூசியை ஆராய்ந்தது. பயணிகளின் உடல்நலத்தை அளக்கவில்லை. இத்துகள்களால் நோய் வரும் என்று அது நிறுவவில்லை. அதனால் அவை தீங்கற்றவை என்றும் கொள்ளலாகாது. இரும்புதானே, இரத்தத்திற்கு நல்லது என்று எண்ணுவோரும் உண்டு. உணவு வழியாகச் சேரும் இரும்பு வேறு, நுரையீரலில் படியும் துரு வேறு.

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோர் இச்செய்தியால் பயணத்தையோ மருந்தையோ தாமாக நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவர் பரிந்துரைத்த தடுப்பு இன்ஹேலரைத் தவறாது பயன்படுத்துக. விரைவு நிவாரண இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள். ஆழமான நடைமேடைகளில் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது நன்று. முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 முகக்கவசம் மிக நுண்ணிய துகள்களையும் பெருமளவு தடுக்கும். துணிக் கவசம் அவ்வாறு தடுப்பதில்லை. முகக்கவசம் அணிந்தால் மூச்சுத் திணறுவோர் முதலில் மருத்துவரைக் கேட்டறிக.

பராமரிப்பவர்கள், பயண நாட்களில் இருமலோ இழைப்போ கூடுகிறதா என்று சில வாரங்கள் குறித்துவைத்து, அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டலாம். இன்ஹேலர் பயன்படுத்தியும் மூச்சுத்திணறல் தணியாவிடினும், பேச இயலாவிடினும், உதடு நீலம் பூத்தாலும் உடனடியாக அவசர மருத்துவ உதவியை நாடுக.