பொன்னூரும் யானைத்துறையும்

தென்னாபிரிக்காவின் பெருநகரமாகிய ஜொகானஸ்பேர்க்குக்கு அந்நாட்டார் பேசும் ஆங்கிலத்தில் ஒரு செல்லப்பெயர் உண்டு. 'எகோலி' என்பர். அது சூலு மொழிச் சொல். 'பொன்னிருக்கும் இடத்தில்' என்பது அதன் பொருள். 1992 முதல் 2010 வரை அந்நாட்டுத் தொலைக்காட்சியில் நாள்தோறும் நடந்த தொடர்கதை ஒன்றுக்கும் அதுவே பெயர்.

இச்சொல்லின் பிறப்பு சுவையானது. 1886 ஆம் ஆண்டில் அங்கே தங்கம் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்த அவ்வாண்டிலேயே நகரமும் தோன்றிற்று. சுரங்கங்களிலே கூலிக்கிறங்கிய சூலு மக்கள் வெள்ளைக்காரர் வாயில் ஓயாது ஒலித்த 'கோல்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டனர். உயிரெழுத்தில் முடிந்தாலன்றிச் சொல்லை நாவில் ஏற்காதது அவர் மொழி. நாம் 'பஸ்'ஸைப் 'பஸ்ஸு' ஆக்குவதுபோல, அவர் 'கோல்ட்'டைக் 'கோலி' ஆக்கினர். முன்னே 'இ' சேர்த்தால் பொன். 'எ' சேர்த்தால் பொன்னின்கண். நமது ஏழாம் வேற்றுமை சொல்லின் பின்னே நிற்கிறது, அவர்களுடையது முன்னே நிற்கிறது, அவ்வளவே. அப்பெயரையே பின்னர் ஆங்கிலம் பேசுவோர், தம் வீட்டுப்பிள்ளை வேற்றுடை பூண்டு வந்திருப்பதை அறியாதார் போல, புதிதென்று வாங்கிக்கொண்டனர். நமது மிளகுதண்ணீர் 'மல்லிகட்டானி' என்று பெயர் மாறி, ஓட்டல் உணவுப்பட்டியல் வழியே நம்மிடமே திரும்பி வரவில்லையா?

இக்கதையைத் தீவகத்து வாசகர்க்குச் சொல்வதன் காரணம், இதனையொத்த பெயரொன்று அவர் வீட்டு வாசலிலேயே இருத்தலாம்.

ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் 'கைட்ஸ்' என்று எழுதுகிறோம். அஃது ஆங்கிலச் சொல்லன்று. போர்த்துக்கேய மொழியிலே 'கைஷ்' என்றால் கப்பல் அணையும் துறை. அவர் இவ்விடத்தை 'யானைகளின் துறை' என்று வழங்கினர். வன்னிக் காட்டிற் பிடிபட்ட யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. அங்கிருந்து இத்துறைக்கு நடத்தப்பட்டு மரக்கலங்களில் இந்தியக் கரைக்கு ஏற்றப்பட்டன. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்தனர். 1658 இல் ஒல்லாந்தர் அவரை ஓட்டினர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். யானை வாணிகம் மறைந்தது, யானை என்னும் சொல்லும் பெயரிலிருந்து உதிர்ந்தது. துறை என்னும் பொதுச்சொல் மட்டும் ஓர் ஊரின் சிறப்புப்பெயராக ஆங்கிலத்தில் எஞ்சிற்று. பொருளை நோக்கினால், ஊர்காவற்றுறை என்பதன் ஈற்றிலுள்ள 'துறை'யும் 'கைட்ஸ்' என்பதும் ஒன்றே.

தமிழ்ப்பெயரின் பழமைக்குக் கல்லிலேயே சான்றுண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153 - 1186) தமிழ்ச் சாசனம் ஒன்று இருக்கிறது. அதில் 'ஊராத்துறை' என்னும் பெயர் வருகிறது. பிறநாட்டு வணிகர் அங்கே வந்து இறங்குதல் வேண்டும். அவர்க்குக் காவல் உண்டு. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றைச் சரக்கேற்றி வரும் மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன் தன் சுங்கச் சட்டத்தைத் தமிழிலே பொறித்தமை, இத்துறையில் எம்மொழி வழங்கிற்று என்பதைச் சொல்லாமற் சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யானைகள் இக்கரையில் வந்து இறங்கின. பதினேழாம் நூற்றாண்டிலோ இங்கிருந்து ஏறிப்போயின! வணிகத்தின் போக்கை யார் கணிக்கவல்லார்?

ஒல்லாந்தர் செய்த பெயர்சூட்டு விழா வேடிக்கையானது. தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு வரிசையாய் இட்டனர். காரைதீவு ஆம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடெல்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் ஆம்ஸ்ரர்டாம், மிடெல்பேர்க், ரொட்டர்டாம், டெல்வ்ற் என்பன அவர்தம் கிழக்கிந்தியக் கும்பனியின் கிளைச்சபைகள் இருந்த நகரங்கள். முதலாளிமாரின் ஊர்களைச் சொல்லி அவரை மகிழ்வித்தார்கள் போலும். கடலின் நடுவே நிற்கும் கோட்டைக்கோ 'ஹமன்ஹீல்', அதாவது பன்றித்தொடையின் குதிகால், என்று பெயர். இலங்கையின் படம் அவர் கண்ணுக்குப் பன்றித்தொடையாகத் தோன்றிற்றாம். நமக்கு மாங்காயாகத் தோன்றுவது அவரவர் அடுக்களையைப் பொறுத்தது.

இன்று புங்குடுதீவிற் போய் மிடெல்பேர்க்குக்கு வழி கேட்டுப் பாருங்கள். ஒருவரும் அறியார். அப்பெயர்கள் பதிவேட்டிற் பிறந்து பதிவேட்டிலேயே மடிந்தன. டெல்வ்ற் ஒன்றே ஆங்கிலத்தில் நிலைத்தது. நெடுந்தீவார் தமக்குள் பேசும்போது அதுவும் வேண்டுவதில்லை. தென்னாபிரிக்காவிலும் இந்நிலை உண்டு. டர்பன் நகரம் 1835 இல் டர்பன் என்னும் தேசாதிபதியின் பெயர் பெற்றது. சூலு மக்களோ 'குடாக் கடலிடத்து' என்னும் பொருளில் 'எத்தெக்வினி' என்றே சொல்லிவந்தனர். அந்நகரத்து மாநகராட்சிக்கு 2000 ஆம் ஆண்டு முதல் அதுவே பெயர்.

அந்த டர்பன் துறையில்தான் 1860 நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற 'ட்ரூரோ' கப்பல் நங்கூரமிட்டது. தமிழர் பலர் அதில் இருந்தனர். பொன்னூராகிய ஜொகானஸ்பேர்க்கிலே 1898 இல் ஒரு தமிழ்ப் பெண் பிறந்தாள். காந்தியடிகளின் அறப்போரிற் சிறை சென்று, நோயுற்று மீண்டு, 1914 பெப்ரவரி 22 ஆம் நாள் அதே நகரில் மறைந்தாள். வயது பதினாறு. எகோலியிற் பிறந்து எகோலியில் மாண்ட அவளை நாம் எப்பெயரால் அறிவோம்? தில்லையாடி வள்ளியம்மை என்றன்றோ? தரங்கம்பாடிக்கு அருகே இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர், கடல் கடந்து போய் அவள் பெயரின் முன்னே அமர்ந்துவிட்டது.

தீவகத்தாருக்கு இது புதிதன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் போரின் காரணமாகத் தீவுகளிலிருந்து பெருந்தொகையினர் வெளியேறினர். இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழ்வோர் ஊரின் பெயரால் சங்கம் அமைக்கின்றனர். மரண அறிவித்தலிலும் ஊர்ப்பெயரையே முதலில் இடுகின்றனர். தீவின் பெயர் இவ்வாறு பிழைக்கும். ஆயின் வயலுக்கும் குளத்துக்கும் ஒழுங்கைக்கும் கரையோர வாடிக்கும் இருந்த சிறுபெயர்கள்? அவை எந்த நாட்டுப் படத்திலும் இல்லை. சூலு மக்கள் நாளும் பேசியதனால் எகோலி வளர்ந்தது. இச்சிறுபெயர்களைப் பேசிய வாய்களோ கண்டங்கள் பலவாகப் பிரிந்துகிடக்கின்றன. எண்பது வயதுப் பாட்டியார் ஒருவர் வீட்டில் இருப்பின், இந்த ஞாயிறு பிற்பகலே அவரருகில் ஒரு கொப்பியோடு உட்காரலாம். அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போட வேண்டா.

எழுதும்போது ஒன்று: 'ஊர்காவற்துறை' என்று பெயர்ப்பலகைகளிலும் பத்திரிகைகளிலும் காண்கிறோம். காவல், துறை என்னும் இரண்டும் புணர்ந்தால் காவற்றுறை என்றே வரும். அம்மன் கோயிற் கல்லிற் பொறித்தவன் இவ்வளவு அவசரப்படவில்லை.