முதுமைக்கு ஒரு சேமநிதி

பிழைப்பின் பொருட்டு வெளியூர் வந்து குடியேறிய நாம், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்கிறோம். உணவிலும் மருந்திலும் அவர்களுக்குக் குறை வைப்பதில்லை. ஆயினும், வந்த சில மாதங்களிலேயே அவர்கள் தளர்ந்துபோவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். காரணம் யாது?

கிணற்றில் நீர் இறைத்து, அம்மியில் அரைத்து, தரையில் அமர்ந்தெழுந்து பழகிய உடம்பு அது. இங்கோ, "நீங்கள் உட்காருங்கள், அம்மா" என்று அன்பு மிகுதியால் நாற்காலியில் அமர்த்திவிடுகிறோம். வேலையற்ற தசை கரைந்துபோகிறது. தசை கரைந்தால் கால் தடுமாறும். தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். உற்றார் அருகில்லாத ஊரில் படுத்த படுக்கையானால் படும் துன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தேய்வு முதியோர்க்கு மட்டும் உரியதன்று. முப்பது வயதைக் கடந்ததுமே மெல்லத் தொடங்கி, அறுபதுக்குமேல் விரைவுபடுகிறது. 1989-இல் இர்வின் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்குச் 'சார்கோபீனியா' எனப் பெயரிட்டார். தசைக்கு வந்த வறுமை என்று கொள்ளலாம்.

இவ்வறுமையைப் போக்க வழியுண்டு. 1990-இல் வெளியான பாஸ்டன் நகர ஆய்வொன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய தளர்ந்த முதியோர் எட்டு வாரம் எடை தூக்கிப் பயின்றனர். அவர்தம் கால் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று. வாரத்தில் இரண்டு நாளேனும் தசைப் பயிற்சி வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தோர் மூன்று நாள் வலிமைக்கும் சமநிலைக்கும் பயிலவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது.

இதற்குக் கர்லாக் கட்டையும் கூடமும் வேண்டுவதில்லை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தமர்க. சுவரில் கை பதித்துத் தண்டால் போல் சாய்ந்து நிமிர்க. சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குக. அரிசிப் பையைத் தூக்கி இறக்குக. எளிதானபின் சிறிது சிறிதாகக் கூட்டுக. மூச்சை அடக்கலாகாது. இருதய நோய், இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி உள்ளோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்தமரப் பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆகுமாயின், தளர்ச்சி தொடங்கியிருக்கக்கூடும் என்பது ஆசிய நாட்டு வல்லுநர் 2019-இல் வகுத்த அளவு.

உணவிலும் கவனம் வேண்டும். உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு இது ஏறத்தாழ 50 கிராம். இரசஞ்சோறு மட்டும் உண்டு இதனை எட்ட இயலாது. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என அவரவர் வழக்கப்படி சேர்த்துக்கொள்க.

மாதந்தோறும் சம்பளத்தில் சேமநிதிக்குப் பிடித்தம் செய்கிறோம்; தசைக்கும் அவ்வாறே வாரந்தோறும் சிறிது செலுத்துவோம். நம் சங்கக் கூட்டத்தில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த மாதம் சொற்பொழிவு தொடங்குமுன், பெரியோர் சிறியோர் அனைவரும் பத்து முறை எழுந்தமர்ந்து பார்ப்போமே!